சிங்கப்பூரில் நான்கு பேர் உள்ள குடும்பம் வீட்டில் சமைத்தே சாப்பாட்டுச் செலவைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்விக்கு அடியில் நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மாதம் 1,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாட்டுக்கே போகிறது, வீட்டில் சமைத்தும் பெரிதாக மிச்சமாகவில்லை, பிள்ளைகள் கீரையைத் தொடுவதில்லை, "அதற்காகப் பருப்பும் கஞ்சியும் குடித்தா வாழ முடியும்?" என்று முடித்திருக்கிறீர்கள். பருப்பும் கஞ்சியும் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தன என்று தெரியவில்லை. மலிவாகச் சமைப்பது என்றாலே வயிற்றைக் கட்டுவது என்று ஆளாளுக்கு முடிவுகட்டிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

எங்கள் வீட்டில் அடுப்படி என் பொறுப்பு. மனைவி தாதியாக வேலை பார்க்கிறார். எந்த வாரம் பகல், எந்த வாரம் இரவு என்பது பட்டியல் வந்தால்தான் தெரியும். எனக்கு ஒரு தொழிற்சாலையில் அதிகாலை வேலை, பிற்பகலில் வீடு வந்துவிடுவேன். "ஏன், மனைவிக்குச் சமைக்கத் தெரியாதா?" என்று கீழே எழுதத் துடிப்பவர்கள் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் என்னைவிட ருசியாகச் சமைப்பார். நான் அவரைவிடச் சிக்கனமாகச் சமைப்பேன். இரண்டு பிள்ளைகள். மாதம் 750 வெள்ளிக்கும் 850 வெள்ளிக்கும் நடுவில் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வெளிச்சாப்பாடும் சேர்த்து.

உங்கள் வாரம் எப்படிப் போகும் என்று ஊகித்துச் சொல்கிறேன், தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தை. பஃபலோ ரோட்டுக் கடைகளில் அவரைக்காய், கோவைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய். மீன் என்றால் வஞ்சிரம், வேறெதுவும் மீனாகவே கண்ணில் படாது. நடந்த களைப்பில் இரவுச் சாப்பாடு அங்கேயே. வாங்கிய காயில் பாதி புதன்கிழமைக்குள் வாடிவிடும், வியாழக்கிழமை காப்பிக்கடையில் பொட்டலம் கட்டி வாங்கிவருவீர்கள். என் நண்பர்களில் பலர் வீட்டு நடப்பு இதுதான். இவர்கள் வீட்டில் சமைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பட்டுக்கோட்டைச் சமையலை அப்படியே சிங்கப்பூரில் சமைக்கிறார்கள், அதற்குத்தான் இவ்வளவு விலை.

காயைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இது லாரியில் வந்ததா, விமானத்தில் வந்ததா? இந்த நாடு தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது, ஆகவே எல்லாமே எங்கிருந்தோ வந்தவைதான். ஆனால் கேமரன் மலை முட்டைகோஸும் தக்காளியும், மலேசியப் பயற்றங்காயும் வெண்டைக்காயும் லாரியில் பாலம் தாண்டி வந்துவிடும். அவரைக்காய் சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுகிறது. அதன் டிக்கெட் காசை நீங்களும் நானும்தான் கொடுக்கிறோம். கீரை வகைகளில் கொஞ்சம் இங்கேயே லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைகளிலும் விளைகிறது. கங்கோங், பாயம், சைசிம் (சீனக் கடுகுக்கீரை) எல்லாம் கட்டு ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிதான். பாயம் நம் தண்டுக்கீரைக்குச் சொந்தம், கங்கோங் நம் வள்ளைக்கீரை. ஊரில் குளத்தோரம் தானாக முளைத்துக் கிடந்தபோது அதை நாம் மதிக்கவில்லை, இங்கே சீனக் காய் என்று ஒதுக்குகிறோம்.

கங்கோங்கை நான் செய்யும் விதம் இது. தண்டு குழாய்போல உள்ளே வெற்றாக இருக்கும். அதற்குள் மண் தங்கும் என்பதால் விரல் நீளத்துக்கு ஒடித்து இரண்டு தண்ணீரில் அலச வேண்டும். எண்ணெயில் நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டும் காய்ந்த மிளகாயும். முதலில் தண்டு மட்டும். அது நிறம் மாறும்போது இலையைப் போட்டு, பெருந்தீயில் இரண்டு புரட்டு, அடுப்பை அணைத்துவிட வேண்டும். மூடி போட்டால் கறுத்துவிடும். உப்பு போடாதீர்கள், கருவாட்டு உப்பே போதும். கருவாட்டைக் கடைசியில் மேலே தூவினால் மொறுமொறுப்பு போகாது.

மீன் விஷயத்தில்தான் எனக்கு வசவு அதிகம். வஞ்சிரம் இங்கே பல நாள் கிலோ இருபது வெள்ளியைத் தாண்டுகிறது. குனிங் மீன் அரைக் கிலோ நான்கு வெள்ளி. அது நம் பாறை மீன் இனத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அளவு, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு. வாலிலிருந்து உடலின் நடுப்பகுதிவரை ஒரு முள்செதில் வரிசை ஓடும். அதைக் கத்தியால் வாலிலிருந்து சீவி எடுக்காமல் பொரித்தால் வாயைக் கிழித்துவிடும். இதற்கு அலுத்துத்தான் பலர் வாங்குவதில்லை, அதனால்தான் விலையும் ஏறுவதில்லை. கெம்போங் என்று விற்பது நம் கானாங்கெளுத்தியேதான், குழம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மார்சிலிங் சந்தையில் மீன் விற்கும் அங்கிள் என்னைக் கண்டதும் குனிங் தட்டைத்தான் முதலில் காட்டுவார். கடையைக் கட்டும் நேரத்தில் போனால் இரண்டு தட்டையும் ஒரே பையில் கொட்டி, "ஐந்து வெள்ளி, எடுத்துக்கொண்டு போ" என்பார். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மீன்கடைகள் பல திறந்திருக்காது.

போன ஆண்டு ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, சிங்கப்பூரில் சம்பாதித்துக்கொண்டு கீரையும் பொடிமீனுமா?" என்றார். பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டது அவர்தான்.

கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும். நான்கு பேருக்கு ஓர் இரவு: குனிங் 4 வெள்ளி, கங்கோங் 1.20, பொன்னி அரிசி 400 கிராம் 90 காசு, புளி, சின்ன வெங்காயம், எண்ணெய், பொடிவகை எல்லாம் சேர்த்து 1.30. ஆக 7.40 வெள்ளி. எரிவாயு தனி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் இதே நான்கு பேர் மீன் சாப்பாடு சாப்பிட்டு இரண்டு தேநீர் குடித்தால் 25 வெள்ளிக்குக் குறையாது. குளிரூட்டப்பட்ட உணவகம் என்றால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கும் மேலே பொருள் சேவை வரி. 7 விழுக்காடாக இருந்த வரி 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததே. மீனும் காயும் விற்கும் ஈரச்சந்தைச் சின்னக் கடைகள் பெரும்பாலும் அந்த வரியைத் தனியாகப் போடுவதில்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்த வரிக்குப் பதிவு கட்டாயம்.

மாவு விஷயத்தில் பேச்சே வேண்டாம், அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் மூன்றரை வெள்ளிக்குள் அடங்கும், மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடையில் அந்தக் காசுக்கு ஒரு பொட்டலம்தான். இங்கே இரவிலும் புழுக்கம் என்பதால் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், பெரிய பாத்திரமாக வையுங்கள். அரிசியை மட்டும் மூட்டைகளாகப் பதுக்காதீர்கள். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் நம் ஆட்கள் தள்ளுவண்டி நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். புழுங்கல் அரிசிக்குத் தடையே இல்லை. ஆகஸ்டில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும் வந்தது. நாங்கள் அந்த நாள்களில் தாய்லாந்து அரிசி சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2022 ஜூனில் மலேசியா கோழியை நிறுத்தியபோதும் அப்படித்தான், உறைந்த கோழிக்கு மாறினோம், இன்றும் குழம்புக்கு அதுதான்.

இனி எதிர்ப்பாளர்களுக்கு. "நேரத்துக்கு விலை இல்லையா?" என்பார்கள். உண்டு. தனியாளாக இருந்தால் இந்தப் பதிலைப் படிக்காதீர்கள். ஒருவருக்காக மீன் கழுவி, சோறாக்கி, பாத்திரம் தேய்ப்பதைவிட உணவங்காடியில் நான்கு வெள்ளிக்குச் சோறும் இரண்டு காயும் வாங்குவது புத்திசாலித்தனம். "சிடிசி பற்றுச்சீட்டு இருக்கிறதே" என்பவர்களுக்கு: கடையில் காசுக்குப் பதிலாகக் கொடுக்க அரசு தரும் அந்தச் சீட்டு, குடும்பத்தில் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர் இருந்தால்தான் கிடைக்கும். நாங்கள் நிரந்தரவாசிகள், நீங்களும் குடியுரிமை இல்லாதவர் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறேன். வஞ்சிரமே சாப்பிடக் கூடாது என்றும் நான் எங்கும் சொல்லவில்லை. தீபாவளிக்கு நானும் வாங்குகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வீட்டில் சமையுங்கள், மிச்சம் பிடியுங்கள் என்று வானொலியிலும் பத்திரிகையிலும் அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் அறை வாடகைக்குப் போய்ப் பார்த்ததில்லை. "லேசான சமையல் மட்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். திருமணத்துக்கு முன் நான் இருந்த அறையில் அதற்கு அர்த்தம், உடனடி நூடுல்ஸும் அவித்த முட்டையும். ஒருநாள் ரசத்துக்குக் கடுகு தாளித்தேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் மனைவி கூடத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார், மறுநாள் அடுப்புக் குமிழைக் காணவில்லை. முன்பணம் கொடுத்தாயிற்று, எங்கே போவது? அதே காலத்தில்தான், 2011 ஆகஸ்டில், ஓர் இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைப் பற்றி அண்டைவீட்டார் புகார் செய்து, சமரசப் பேச்சில் அந்த அண்டைவீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக முடிவான பழைய கதை பத்திரிகையில் வந்தது. ஊரே கொதித்து, 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர் என்று பலர் வீட்டிலும் கறி சமைத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அன்றைக்கும் நூடுல்ஸ்தான். இன்றும் வாடகை விளம்பரங்களில் அந்த வரி வருகிறது. மாதம் முழுக்க வெளியே சாப்பிட்டுக் காசைக் கரைப்பவர்களில் எத்தனை பேருக்கு அடுப்பைத் தொட அனுமதி இருக்கிறது என்று யாராவது கேட்டால் தேவலை. நீங்கள் வாடகையில் இருந்தால், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் தாளிக்கலாமா, மீன் பொரிக்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகள் கீரை தின்னவில்லை என்றீர்களே, தெம்பேயில் தொடங்குங்கள். பொட்டலம் ஒரு வெள்ளி சொச்சம், சோயாவில் செய்தது. தீக்குச்சி கனத்துக்குச் சீவி, உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாக வடித்துப் பொரியுங்கள். வேர்க்கடலை, நெத்திலியோடு கொஞ்சம் சம்பலில் (மிளகாய் விழுது) புரட்டினால் தயிர்ச்சோற்றுக்கு அப்பளம் கேட்க மாட்டார்கள். முதல் தடவை சம்பலைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள், கடைச் சம்பலில் உறைப்பு அதிகம்.