இந்தோனேசிய மொழியில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வருமா? வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வரும், தாராளமாக வரும். ஜகார்த்தாவில் இரண்டு வருடம் வாடகை அறையில் தங்கி, பேசிப் பேசியே இந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு சொல்லைத் தனியாக எடுத்து வைத்து இது பெயரா, வினையா என்று கேட்காதீர்கள். அதன் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

'ஜாலான்' என்றால் சாலை. தெருப் பலகைகளில் எல்லாம் இருக்கும். அதே ஜாலான்தான் நடப்பது, வண்டி ஓடுவது. கார் கிளம்பாவிட்டால் 'மோபில்ஞா திடாக் ஜாலான்' என்பார்கள். இது சாலை அல்ல என்று சொல்ல 'இனி புக்கான் ஜாலான்'. கவனித்தீர்களா? வினை என்றால் எதிர்மறைக்கு 'திடாக்', பெயர் என்றால் 'புக்கான்'. நாம் 'ஓடவில்லை' என்றும் 'சாலை அல்ல' என்றும் பிரிப்பதைப் போலத்தான். (அது இல்லை, இது என்று திருத்திச் சொல்லும்போது மட்டும் வினைக்கு முன்னாலும் புக்கான் வரும்.) எழுத்து மொழியில் பெர்ஜாலான் என்றால் நடப்பது, பெர்ஜாலானான் என்றால் பயணம் என்று ஒட்டுகள் சேர்ந்து வேலையைச் சுலபமாக்கிவிடும். பேச்சில் அந்த ஒட்டுகள் உதிர்ந்துவிடுவதால்தான் புதிதாகக் கற்பவருக்குக் குழப்பம்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த சொல் 'லாகி'. பாடப் புத்தகத்தில் 'மறுபடியும், இன்னும்' என்று படித்திருந்தேன். ஒரு நாள் காலையில் வீட்டுக்கார அம்மாவின் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து 'இபு லாகி மாசாக்' என்று குரல் வந்தது. மாசாக் என்றால் சமைப்பது. மறுபடியும் சமைக்கிறார், எனக்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கரண்டியோடு வெளியே வந்து பொறுமையாக விளக்கினார். லாகி வினைக்கு முன்னால் நின்றால் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. பின்னால் நின்றால் மறுபடியும். 'லாகி மாக்கான்' சாப்பிட்டுக்கொண்டிருப்பது, 'மாக்கான் லாகி' இன்னொரு முறை சாப்பிடுவது. புத்தகங்கள் முதல் பொருளுக்கு 'செடாங்' என்று எழுதும், வீடுகளில் லாகிதான். அந்த வாக்கியத்தில் 'இபு'வும் அப்படித்தான். அம்மா என்ற பெயர்ச்சொல், அங்கே 'நான்' என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது. நம் வீட்டில் 'அம்மா சமைச்சிட்டு இருக்கேன்' என்பார்களே, அதேதான்.

'புவாட்' இன்னொரு அழகு. 'சாயா புவாட் கோப்பி புவாட் இபு'. முதல் புவாட் 'போடுகிறேன்', இரண்டாவது 'அம்மாவுக்காக' என்பதில் வரும் 'க்காக'. நம் 'படி'யை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற படியும் அதுதான், புத்தகத்தைப் படி என்பதும் அதுதான், 'சொன்னபடி'யும் அதுதான்.

ஆனால் உருவம் ஒன்றாக இருப்பதெல்லாம் ஒரே சொல் இல்லை. 'பிசா' என்றால் முடியும்; 'பிசா' என்றால் பாம்பு விஷமும்கூட. இந்த இரண்டாவது, சமஸ்கிருத விஷத்திலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு சொற்கள், 1988இல் முதல் பதிப்பு வந்த அவர்களுடைய பேரகராதி கேபிபிஐயும் தனித்தனியாகத்தான் பதிகிறது. ஜாலானையும் பிசாவையும் ஒரே பட்டியலில் போட்டுப் படித்தால் குழம்பிப்போவீர்கள்.

அப்புறம், 'சூமா'. நம் சும்மாவிலிருந்து போனது என்று சொல்வார்கள். சந்தையில் 'சூமா செபூலூ ரிபு' என்றால் வெறும் பத்தாயிரம் ரூபியா. இரட்டித்து 'சூமா-சூமா' என்றால் இலவசம். 'பெர்ச்சூமா' என்றால் வீண். தனிச் சூமாவே இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் வந்தால் 'ஆனால்' ஆகிவிடும்: 'ஏனாக், சூமா மஹால்'. ருசிதான், ஆனால் விலைதான் அதிகம்.