பாசி வெளுப்பதற்கு வெளிக்கடல் வெந்நீர்தான் காரணமா?

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் எங்கள் மகளிர் குழு 40 மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசி வளர்க்கிறது. சித்திரை பிறந்து இரண்டு வாரத்தில் தண்டு வெள்ளை வெள்ளையாகி ஒடிந்து விழ ஆரம்பித்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. போன கார்த்திகையிலும் இதே மாதிரி வெளுத்தது. வெளிக்கடலில் சூடான நீரோட்டம் வடக்கே ஓடுகிறது, அது உள்ளே வந்து கலந்ததால்தான் இப்படி என்று ஊரில் சொல்கிறார்கள். என் மகனும் செல்போனில் கடல் முழுக்கச் சிவப்பாக இருக்கும் படம் ஒன்றைக் காட்டினான். இதற்கு என்ன மருந்து தெளிக்கலாம்? மறுபடி எப்போது கட்டலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி, மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திறந்த கடலில் தெளிக்கிற மருந்து எதுவும் பாசியில் நிற்காது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தண்டு வெளுத்து ஒடிவதை 'ஐஸ்-ஐஸ்' என்கிறோம். வெளியிலிருந்து ஒரு கிருமி வந்து நல்ல பாசியைத் தாக்குவதால் இது தொடங்குவதில்லை. சூட்டாலோ உப்புக் குறைவாலோ பாசி முதலில் சோர்ந்து போகிறது. கடல் நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா அந்தச் சோர்ந்த தண்டில் பிறகு ஏறிக்கொள்கிறது. எனவே சோர்வுக்கான காரணத்தைப் பிடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கார்த்திகைக்கு ஒரு காரணம், சித்திரைக்கு வேறொரு காரணம்.

ஊரில் சொல்லும் நீரோட்டம் உண்மையில் இருக்கிறது. அதைக் கிழக்கு இந்தியக் கடலோர நீரோட்டம் என்கிறார்கள். மாசி தொடங்கி வைகாசி வரை கோடியக்கரைக்கு வெளியே வடக்கு நோக்கி ஓடும். மார்ச், ஏப்ரலில் வேகம் அதிகம். வாடைக்காற்றுக் காலத்தில் அப்படியே திரும்பித் தெற்கே ஓடும். அப்போது நவம்பரில் உச்சம். ஆண்டில் இரண்டு முறை திசை மாறும் நீரோட்டம் இது. நீவாடு, அதாவது கடலின் ஓட்டம், மாறுகிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதிலும் இதன் பங்கு உண்டு.

ஆனால் சித்திரையில் உங்கள் பாசியைச் சுட்டது அந்த வெந்நீர் அல்ல. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர்தான். உங்கள் மிதவைகள் நிற்பதோ ஒன்றரை, இரண்டு மீட்டர் தண்ணீரில். ஒரே வெயில் இரண்டு மீட்டர் தண்ணீரில் விழுவதற்கும் பத்து மீட்டரில் விழுவதற்கும் சூடேறுவதில் ஐந்து மடங்கு வித்தியாசம். அகலப் பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அதே கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் வெளிக்கடலின் மேல்நீர் 29, 30 டிகிரியில் இருக்கும்போது விரிகுடாவின் கரையோரத் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடுகிறது. வெளிக்கடல் தண்ணீர் உங்கள் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. அது தாராளமாக உள்ளே வந்து கலந்திருந்தால் பாசி பிழைத்திருக்கும்.

ஏன் வரவில்லை? விரிகுடா ஏறக்குறைய மூடிய தொட்டி மாதிரி. வடக்கே கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே வாய் இருக்கிறது. தெற்கே ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் குறுகலான பாம்பன் வாயும். ஏற்றவற்றமும் இங்கே ஒரு மீட்டருக்குக் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடா போல ஏற்றவற்றமே தண்ணீரை மாற்றிவிடும் இடமல்ல இது. காற்றுதான் கலக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வாடை ஓய்ந்துவிடும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் பிடித்திருக்காது. ராமேஸ்வரத்தில் இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்று சொல்வது இந்த அமைதிக்காகத்தான். வலைக்குப் போகிறவருக்கு அந்த அமைதி வரம். பாசிக்கு அது ஆபத்து, ஏனென்றால் கலப்பு நின்றுபோகிறது. 2013ஐ ஒட்டி மண்டபம் பகுதியில் பாசி பெருமளவு அழிந்து, விதைக்கே தட்டுப்பாடு வந்தது. அப்போதும் கடல்நீர்ச் சூடே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அடியிலிருந்து மீளப் பல குடும்பங்களுக்கு ஆண்டுகள் ஆயின. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன.

கார்த்திகைக் கதை இதற்கு நேர் எதிர். அப்போது கலப்பு உண்டு, ஆனால் கலக்கும் தண்ணீரில் உப்பு குறைவு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகள் கொட்டிய நன்னீர் வங்கக்கடலின் மேல்நீரை இளக்கி வைத்திருக்கும். தெற்கே திரும்பிய நீரோட்டம் அதைக் கரையோரமாக இழுத்து வருகிறது. ஒரு பகுதி விரிகுடாவுக்குள் நுழைகிறது. அதோடு நம் மழையும் ஓடைத் தண்ணீரும் சேரும். கப்பாஃபைகஸ் விரும்புவது ஆயிரத்துக்கு 30 முதல் 35 பங்கு உப்பு. இறால் பண்ணைக்காரர்கள் பிபிடி என்று சொல்வது இதைத்தான். 25க்குக் கீழே போனால் வளர்ச்சி நிற்கும், 20ஐத் தொட்டால் வெளுப்பு வரும். உப்புக் குறைந்த தண்ணீர் இலேசானது, மேலேயே மிதக்கும். பாசி தொங்குவதும் மேலேதான்.

உங்கள் மகன் காட்டிய படம் தவறில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நீர்ச் சூட்டுப் படங்களை வெளியிடுகிறது, பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டும். உங்கள் கயிறு தொங்கும் இடத்தில் என்ன சூடு என்பது அதில் தெரியாது. குழுவுக்கு ஒரு வெப்பமானியும் உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்குங்கள். இறால் பண்ணைச் சாமான் விற்கும் கடையில் இரண்டும் கிடைக்கும். 40 மிதவை வைத்திருக்கும் குழுவுக்கு இது வீண்செலவு அல்ல.

சூட்டை விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் கயிறு இருக்கும் ஆழத்தில் பாருங்கள். எனக்கு முக்கியம் விடியற்காலைக் கணக்கு. மதியம் 32 காட்டினாலும் விடியலில் 29க்கு இறங்கினால் பாசி தாங்கும். விடியலிலும் 31ல் நின்றால், மூன்றாம் நாள் யோசிக்காமல் அறுவடை செய்யுங்கள். வழக்கமான அறுவடைக் கணக்குப்படி 45 நாள் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். 30 நாள் பாசியில் எடை குறையும், ஆனால் கையில் சரக்கு இருக்கும். வெளுத்ததை நல்லதோடு சேர்த்துக் காயப்போட வேண்டாம். அதில் கராஜீனன், அதாவது பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள், தரம் குறைவு, வியாபாரி மொத்தச் சரக்கின் விலையையும் இறக்கிவிடுவார்.

மிதவைகளை நெருக்கிக் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. பங்குனி பிறக்கும் முன்பே இரண்டு மிதவைக்கு நடுவே ஒரு மிதவை அகலம் இடம் விடுங்கள். முடிந்தவற்றை மூன்று மீட்டர் ஆழத்துக்கு, நீவாடு தெரியும் இடத்துக்கு இழுத்துப் போங்கள். கடல் புல் படுகைக்கு மேலே நிறுத்தாதீர்கள், நிழலில் புல் செத்தால் மீன் குஞ்சுக்கு இடம் போய்விடும். தினமும் கயிற்றை உலுப்பி, படிந்த சேற்றை உதிர்த்துவிடுங்கள். சேறு மூடிய பாசி சூட்டில் முதலில் போகும். கார்த்திகையில் மழை கொட்டியதும் ஓடை முகத்தை விட்டு மிதவையை நகர்த்துங்கள், கயிற்றில் கல் கட்டி அரை மீட்டர் கீழே இறக்குங்கள்.

கழித்த பாசியைக் கடலில் வீசாதீர்கள், கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை 2008ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்குச் சோறு போடும் பயிர் பவளப்பாறையை மூடக்கூடாது.

மறுபடி கட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். கச்சான் பிடித்ததும் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பாம்பன் வழியாக உள்ளே வரும். அந்தத் தண்ணீர் இதைவிடக் குளிர்ச்சி. விடியற்காலைச் சூடு தொடர்ந்து ஒரு வாரம் 29க்குக் கீழே இருந்தால் கட்டலாம். அதுவும் முதலில் நான்கு மிதவை மட்டும். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை வேண்டும். இளம் நுனிக்கிளையாக, வெளுப்பு ஒரு புள்ளிகூட இல்லாததாகப் பொறுக்குங்கள். 15 நாளில் எடை ஏறினால் மற்றவற்றைக் கட்டுங்கள். இருக்கிற நல்ல விதையை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். இன்றிலிருந்து 15 நாள் விடியற்காலைச் சூட்டையும் உப்பையும் நோட்டில் எழுதி அனுப்புங்கள். எந்த மிதவையை எங்கே நகர்த்தலாம் என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.