இயக்குநர் இருக்கும்போது நாடகத்துக்கு மேடை மேலாளர் எதற்கு?

ஒத்திகையில் முடிவான நாடகத்தை ஒவ்வொரு முறையும் பிசகாமல் நடத்திக் கொடுப்பவர்தான் மேடை மேலாளர். இயக்குநரின் வேலை பெரும்பாலும் முதல் நாள் அரங்கேற்றத்தோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் நாடகம் மேடை மேலாளரின் பொறுப்பு.

முன்பெல்லாம் நாடகாசிரியரோ தலைமை நடிகரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இயக்குநர் என்ற தனிப் பொறுப்பே 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1881இல் லண்டனில் சவாய் அரங்கு மின்விளக்குகளோடு திறக்கப்பட்டது. விளக்கு, ஒலி, திரை என்று பல கைகள் ஒரே நொடியில் இயங்க வேண்டுமானால், யாராவது ஒருவர் குரல் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

அந்தக் குரல் மேடை மேலாளருடையது. அவரிடம் உள்ள வசனப் பிரதியின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். ஒத்திகையில் தினமும் எதாவது மாறும் என்பதால்தான் பென்சில். கதவு சாத்தப்படும் நொடியில் இருள் சூழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். “விளக்கு 23, தயார்” என்று, அதாவது 23ஆவது ஒளிமாற்றத்துக்குத் தயாராக இருக்கும்படி, ஹெட்செட்டில் விளக்கை இயக்குபவரை முன்பே எச்சரிப்பார். நடிகரின் கை கதவைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, “போ” என்பார். அரை நொடி முந்தினாலும் காட்சி செத்துவிடும். இந்தப் பொறுமையை நான் நடிப்புக்கு இணையான கலையாகவே மதிக்கிறேன்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டைப் போன்றவர் இவர். பயணிகள் கவனிப்பதில்லை; ஆனால் அவர் பச்சைக்கொடி காட்டாமல் வண்டி நகராது.

மேடை மேலாளர் என்றால் நாற்காலி, மேசைகளை நகர்த்துபவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது மேடைப் பணியாளர்களின் வேலை, அவர்களுக்கும் எப்போது நகர்த்துவது என்று சைகை கொடுப்பவர் இவரே.