பட்டன் போட வராத பையன்

கேள்வி: என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆறு வயது முடிந்துவிட்டது. பேச்சு, ஞாபகசக்தி எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சட்டைப் பட்டன் போட வராது. சாதத்தைக் கையால் தொட மாட்டான், ஸ்பூன்தான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். முடி வெட்டப் போனால் அந்தத் தெருவுக்கே தெரியும். அடிக்கடி தடுக்கி விழுகிறான். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். “எல்லாம் நீ குடுத்த செல்லம், அடம்” என்கிறார் மாமியார். ஸ்கூல் மிஸ் சொல்லி ஒரு தெரபி சென்டருக்குப் போனோம். ‘சென்சரி பிராப்ளம்’, வாரம் ஐந்து நாள் ஓ.டி. வேண்டும், ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்டுங்கள் என்றார்கள். கட்டலாமா? இல்லை, வளர வளரச் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பணத்தை இப்போது கட்டாதீர்கள், சகோதரி. அதற்காக, வளர்ந்தால் சரியாகும் என்று விட்டுவிடவும் வேண்டாம்.

ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி. அதைச் செய்பவரையும் ஓ.டி. என்றே சொல்கிறோம். ‘ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன ஆக்குபேஷன்?’ என்று உங்கள் மாமியார் கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவதுதான் அவன் உத்தியோகம். அதில் எது தடுக்கிறது என்று பார்ப்பது ஓ.டி.யின் வேலை.

நீங்கள் கண்ணாடி பார்க்காமலே பின்னல் போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்ற செய்தியைத் தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உடம்பு சாய்கிறதா, நிமிர்கிறதா என்பதை உள்காது சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மங்கலாகப் போகிறது. ஒலியும் தொடுதலுமோ அளவுக்கு மீறிப் போய்ச் சேர்கின்றன. இந்தக் கோணத்தைப் பெரிதாக முன்வைத்தவர் அமெரிக்க ஓ.டி. ஜீன் ஏயர்ஸ், 1972-இல் நூலாகவே எழுதினார். சென்டர்களில் தொங்கும் ஊஞ்சல்களும் பெரிய பந்துகளும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் ஒன்று. ‘சென்சரி பிராப்ளம்’ என்பதைத் தனி நோயாக எழுத வேண்டாம், அதன் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. அந்த வகைத் தெரபிக்கான ஆதாரமும் குறைவுதான் என்றது. ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) போன்றவற்றோடும் இது வரலாம். உடல் அசைவில் தடுமாற்றம் மட்டுமே இருப்பதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அப்படி இருக்கிறது. உங்கள் மகன் இதில் எந்த வகை என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் குழந்தை மருத்துவர். கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இன்று வீட்டிலேயே ஒன்று பாருங்கள்: தரையில் உட்கார்ந்தவன் எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுகிறானா? முன்பு சுலபமாக ஏறிய படியில் இப்போது திணறுகிறானா? ஆம் என்றால் தெரபி சென்டர் பேச்சே வேண்டாம். தசை நோய் இருக்கிறதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

அது இல்லையென்றால் ஓ.டி.யிடம் போங்கள். பிள்ளைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறிந்து கவனிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை இலவசம். மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின் மையமான ‘டி.இ.ஐ.சி.’ எங்கே என்று கேட்டு, ஓ.டி. எந்தெந்த நாள் இருப்பார் என்று உறுதிசெய்துகொண்டு போங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

தனியாரிடமே போனாலும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூன்று மாதத்தில் இவன் எதைத் தானாகச் செய்வான்?” ‘கீழ் இரண்டு பட்டனைப் போடுவான்’ என்று பதில் வந்தால் உட்காருங்கள். ‘சென்சரி எல்லாம் செட் ஆகிடும்’ என்றால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். ஊஞ்சல் ஆடிய பிள்ளை சற்று அமைதியாகி உட்காரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊஞ்சல் ஆடினால் பட்டன் போட வராது. பட்டன் போட்டுத்தான் பட்டன் போட வரும். அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் தெரபி எனக்குப் பிடிக்காத விஷயம். தெரபிஸ்ட் அங்கே செய்வது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மிச்சமெல்லாம் உங்கள் வீட்டில்தான்.

பட்டனையே எடுத்துக்கொள்வோம். அப்பாவின் பழைய சட்டையில் பெரிய பட்டனாகத் தைத்து, அவன் மடியில் விரித்துவைத்துக்கொள்ளட்டும். பட்டனைத் துளைக்குள் பாதிவரை நீங்கள் தள்ளுங்கள். மறுபக்கம் எட்டிப் பார்ப்பதை அவன் பிடித்து இழுக்கட்டும். ஆக, வேலையை முடித்துவைப்பவன் அவன்தான். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! அது கைவந்த பிறகு, தள்ளுவதையும் அவனிடம் விடுங்கள். பிறகு உடம்பில் போட்ட சட்டை. அதிலும் கண்ணுக்குத் தெரியும் கீழ்ப் பட்டன் முதலில், கழுத்துப் பட்டன் கடைசியில். நாக்கைத் துருத்திக்கொண்டு இழுப்பான், கை நழுவும், திட்டாதீர்கள். தினம் ஐந்து நிமிடம் போதும்.

எழுதும்போது கால் அந்தரத்தில் தொங்குகிறதா? காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். கால் ஊன்றினால்தான் கை நிற்கும். நீளப் பென்சிலுக்குப் பதில் உடைந்த துண்டு கிரேயான் கொடுத்தால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். வீட்டுப்பாடத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மிஸ்ஸிடம் கேளுங்கள்.

தயிர்சாதத்தில் அவன் கையைப் பிடித்து அமுக்காதீர்கள். பச்சைப் பட்டாணி உரிப்பதில் ஆரம்பியுங்கள், பிறகு சப்பாத்தி மாவு, ஈரமும் பிசுபிசுப்பும் கடைசியில். பட்டாணி உரிக்கும் இலாகாவை மாமியாரிடம் ஒப்படையுங்கள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்தால், ‘அடம்’ எங்கே தொடங்குகிறது என்பதை அவரே பார்ப்பார். மிக்ஸி போடுமுன் சொல்லிவிட்டு, சுவிட்சை அவனையே தட்டவிடுங்கள். எப்போது அலறும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். சலூனுக்குக் கூட்டமில்லாத வேளையில் போங்கள். மெஷின் வேண்டாம், கத்தரிதான். வெட்டுமுன் உச்சந்தலையில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அழுத்தித் தொட்டால் பொறுக்கும், பட்டும் படாமலும் உரசினால்தான் பொறுக்காது.

காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது மட்டும் இந்தப் பாடமெல்லாம் வேண்டாம். பட்டனை நீங்களே போட்டுவிட்டு அனுப்புங்கள்.