நிழல் என்ன நிறம்? (கடிதம், பதில்)

மதிப்பிற்குரிய ஐயா,

பிரெஞ்சு ஓவியர் பிஸ்ஸாரோ 1872இல் வரைந்த ‘வுவாஸன் கிராமத்தின் நுழைவாயில்’ ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். சாலை, மரங்கள், ஒரு குதிரைவண்டி, அவ்வளவுதான். அதற்கு முந்தைய போரில் பிரஷ்யப் படைவீரர்கள் அவருடைய வீட்டில் தங்கி ஓவியங்களை நாசமாக்கியதாகப் படித்தேன். சாலையில் விழும் நிழல்கள் அந்தத் துயரத்தைத்தான் குறிக்கின்றனவா? இதன் பிரதியை எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நிழல்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். நீங்கள் படித்தது உண்மை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் பிஸ்ஸாரோ பாரிஸ் அருகே லூவெசியென் ஊரில் இருந்த வீட்டை விட்டு லண்டனுக்குப் போனார். திரும்பியபோது இருபதாண்டு உழைப்பில் சேர்ந்த ஏறத்தாழ 1500 படைப்புகளில் 40தான் மிஞ்சின என்பார்கள். சேற்றில் கால் படாமல் நடப்பதற்காக வீரர்கள் அவருடைய கித்தான்களைத் தோட்டத்தில் விரித்திருந்தார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதற்காக அந்தக் கதையை அள்ளிக்கொண்டுபோய் வுவாஸன் சாலையில் கொட்டாதீர்கள். நிழல் எதன் குறியீடு என்று துப்புத் துலக்கிய உங்களுக்கு, அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லையே!

என் பள்ளி ஓவிய ஆசிரியருக்கு நிழல் என்றால் கறுப்பு. கூஜாவோ பந்தோ, எதை வரைந்தாலும் ஒரு பக்கத்தைப் பென்சிலால் தேய்த்துக் கரியாக்க வேண்டும். ஒரு காலையில், சுண்ணாம்பு அடித்த சுவரில் வேப்பமர நிழல் நீலமாக விழுந்திருப்பதைக் கண்டு அப்படியே தீட்டிக்கொண்டு போனேன். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார். வெயில் மறைபட்ட இடத்தில் வானத்தின் ஒளி மட்டுமே விழுகிறது, வானம் நீலமாக இருப்பதால் நிழலிலும் நீலம் ஊறுகிறது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். பிஸ்ஸாரோவும் அவருடைய நண்பர்களும் வெட்டவெளியில் நின்று அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்தார்கள்.

1873இல் பிஸ்ஸாரோ பொந்துவாஸ் என்ற ஊருக்கு அருகே வரைந்த ‘உறைபனி’ ஓவியத்தில், வயலில் நீண்டு கிடக்கும் நிழல்களுக்குரிய மரங்கள் சட்டத்துக்குள்ளேயே இல்லை. மறு ஆண்டு, இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர்பெற்ற அந்த நண்பர்கள் குழுவின் முதல் கண்காட்சியில் அதைப் பார்த்த விமரிசகர் காஸ்தன்யாரி (அந்தக் குழுவினர்மீது பரிவுகொண்டவர்தான்) கண்ணுக்குத் தெரியாத மரங்களின் நிழலை வரைந்தது பெரும் பிழை என்று கண்டித்தார். அவர் மரம் எங்கே என்று கேட்டார், நீங்கள் போர் எங்கே என்று கேட்கிறீர்கள். இருவருக்கும் நிழல் மட்டும் போதவில்லை.

பிரதியைத் தாராளமாக மாட்டுங்கள். குழல்விளக்குக்கு எதிரே மட்டும் வேண்டாம். கண்ணாடிச் சட்டத்தில் சாலைக்குப் பதிலாக உங்கள் முகம்தான் தெரியும்.