குருதி ஏகாரில் வளையம் வராதது மாசினால்தானா?

வேறு நுண்ணுயிர் கலந்த மாசு என்று முடிவு கட்டாதீர்கள். திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்த ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியா, குருதி ஏகாரில் (குருதி கலந்த வளர்ப்பு ஊடகத்தில்) சிவப்பணுக்கள் உடைவதால் வரும் தெளிவான வளையத்தைக் காட்டவில்லை என்றால், என் சந்தேகம் நச்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஏஜிஆர் மரபணுத் தொகுதியில் வந்த விகாரத்தின் மேல்தான். சிவப்பணுக்களை உடைக்கும் அல்பா நச்சின் மரபணு அப்படியே இருக்கும். ஆனால் ஏஜிஆரிலிருந்து உருவாகி அதை முடுக்கும் ஆர்என்ஏ III என்ற ஆர்என்ஏ உருவாகாது. நச்சுச் செலவு இல்லாத கலங்கள் ஊடகத்தில் மற்றவற்றை முந்திவிடும்.

உறைபெட்டியிலுள்ள பழைய மாதிரியையும் இதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கம் கீறிப் பாருங்கள். முயல் குருதி கிடைத்தால் நல்லது, மனிதக் குருதியில் அல்பா நச்சு சரியாகத் தெரியாது. 37 பாகை அடைகாப்பானில் வையுங்கள். பேராதனை மார்கழிக் குளிரில் மேசையில் விட்டால் வளையம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பழையதில் மட்டும் வளையம் வந்து, இரண்டுமே கோஅகுலேஸ் (குருதி நீர்மத்தை உறைய வைக்கும், இந்தப் பற்றீரியாவை அடையாளம் காண உதவும் புரதம்) காட்டினால் விகாரத்துக்கே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், வளையம் இல்லாதது சாதுவென்று நினைக்க வேண்டாம். விடாப்பிடியான குருதித் தொற்றுள்ள நோயாளிகளிடமும் ஏஜிஆர் இழந்தவை கிடைத்திருக்கின்றன.