சும்மா வரும் காசுக்கு நகரசபை ஏன் வாக்கெடுக்கிறது?

உங்கள் அண்ணா இருக்கும் அமெரிக்க ஊரில், பொலிசுக்குக் கருவி வாங்க வந்த மானியத்தை ஏற்பதா என்று நகரசபை வாக்கெடுத்ததாம். சும்மா வரும் காசுக்கு ஏன் இவ்வளவு வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

மீள்குடியேறிய புதிதில், கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் பொருளாளர். ஆவணி வந்தால் கிணறு வற்றிவிடும் ஊர். ஒரு நிறுவனம் தண்ணீர்ப் பவுசர் ஒன்று தந்தது, கைதட்டி வாங்கினோம். டீசலுக்கும் ரயருக்கும் சாரதியின் சம்பளத்துக்கும் காசு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகம் என் கையில் இருந்தது, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வரட்சியில் பவுசர் பாலை மரத்தடியில் நின்றது, சனம் கான்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் தண்ணீருக்குப் போனது. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்தான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே நகரப் பொலிசின் சம்பளமும் வாகனமும் நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தில்தான். (இங்கே இலங்கையில் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கென்று எழுதிய பொலிஸ் அதிகாரமே இன்னும் கொழும்பை விட்டு வரவில்லை. பிரதேச சபை பொலிசைப் பற்றி வாக்கெடுப்பதை நாம் கண்டதேயில்லை.) மானியத்தை ஏற்பது என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்து, வரவு செலவுத் திட்டத்தில் திருத்தம், பிறகு கணக்காய்வு. அதற்குத்தான் வாக்கு.

அமெரிக்க மத்திய அரசின் நீதித் திணைக்களம் உள்ளூர்ப் பொலிசுக்குத் தரும் பைர்ன் என்ற மானியத்துக்கு நகரம் தன் பங்கு போடத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு 30 நாள் முன்னதாகவே சபையின் பார்வைக்கு வைக்க வேண்டும், மக்கள் கருத்துச் சொல்லவும் இடம் விட வேண்டும். ஏற்கெனவே ஒதுக்கிய காசை வெட்டிவிட்டு இதை அந்த இடத்தில் போடவும் முடியாது. குண்டு துளைக்காத அங்கிக்கான உதவியோ பொதுவாக விலையில் பாதி வரைதான். உடலில் மாட்டும் கமராவை மானியத்தில் வாங்கிவிடலாம், பதிவாகும் வீடியோவைச் சேமித்து வைக்க ஆண்டுக்கணக்கில் காசு போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பவுசரின் டீசல் மாதிரி.

அப்புறம் 1033 என்ற திட்டம். இதில் இராணுவத்தின் மிச்சத் தளபாடமே பொலிசுக்கு வரும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடிக்குத் தப்புவதற்காகச் செய்த கவச வாகனங்கள் சின்ன ஊர்ப் பொலிசிடம்கூடப் போய்ச் சேர்ந்தன. 2014இல் மிசூரி மாநிலத்தின் பெர்குசனில் ஆர்ப்பாட்டக்காரருக்கு எதிரே கவச வாகனம் நின்ற படங்கள் வந்ததும் நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. கலிபோர்னியா 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்படியான கருவிக்குப் பொலிஸ் காசு கேட்கும் முன்பே, எதற்குப் பயன்படுத்துவோம் என்று எழுதி மக்கள் பார்வைக்கு வைத்து, சபையின் அனுமதி பெற வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கையும் கொடுக்க வேண்டும். ஏ9 வீதியில் கவச வாகனங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எங்களிடம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணாவிடம் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்க்கட்டும். மானியம் முடிந்த பிறகு பராமரிப்புக்குக் காசு எந்த வருமானத்திலிருந்து வரும் என்று அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால் கூட்டத்துக்குப் போய்க் கேட்கலாம். பெரும்பாலான சபைகளில் பொதுமக்கள் பேசச் சில நிமிடங்கள் தருவார்கள்.